லூசில் பாலை முழுப் பாடமாக வையுங்கள்: காட்சித் தொடர்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் காட்சித் தொடர்பியல் துறைக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் படத்தொகுப்புச் செய்து பிழைப்பவன். உங்கள் துறையில் பட்டம் பெற்ற இளைஞர்கள் ஆண்டுதோறும் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். கேமராவைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள். மென்பொருளில் என்னைவிட வேகமாகக் கை ஓடும். ஆனால் ஒரு நகைச்சுவைக் காட்சியைக் கொடுத்துத் தொகுக்கச் சொன்னால் தடுமாறிப் போகிறார்கள். நடிகை கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன் அதை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். சிரிப்பே அந்தப் பார்வையில்தான் இருக்கும். இவர்கள் வேகம் கூடட்டும் என்று அதை வெட்டிவிட்டு எதிரில் இருப்பவர் முகத்துக்குப் போய்விடுவார்கள். ஏன் வெட்டினாய் என்று கேட்டால், "அந்த அம்மாவுக்குக் காமெடி தானா வரும் சார், எங்க வெட்டினாலும் சிரிப்பு வரும்" என்று பதில் வருகிறது.

இந்தத் "தானாக வரும்" என்கிற நம்பிக்கைதான் என்னை இம்மடல் எழுத வைத்தது. நகைச்சுவை நடிகையின் தொழிலை ஒரு தொழிலாக நாம் கற்பிக்கவில்லை. கதாநாயகர்களின் நடிப்பையும் இயக்குநர்களின் பாணியையும் வகுப்பில் பிரித்துப் பேசுகிறோம்; சிரிக்க வைத்த பெண்ணைப் பற்றிப் பேச வரும்போது மட்டும், அது அவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று பாராட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். இந்தக் குறையைப் போக்க ஒரே ஒருவரின் தொழில் வாழ்க்கையை முழுப் பாடமாக வைத்தால் போதும் என்பது என் கருத்து. அவர் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை லூசில் பால். அவரைப் பற்றி ஆவணங்களும் படச்சுருள்களும் தாராளமாகக் கிடைக்கின்றன என்பது ஒரு காரணம். நடிப்பு, எழுத்து, கேமரா, ஒளியமைப்பு, தொகுப்பு, உரிமை, நிர்வாகம் என்று நீங்கள் தனித்தனித் தாள்களில் கற்பிக்கும் அத்தனையும் அவர் வாழ்க்கையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது அதைவிடப் பெரிய காரணம்.

அவர் 1911 ஆகஸ்டு 6ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். தொலைபேசிக் கம்பியாளராக இருந்த தந்தை டைபாய்டு காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. பதின்ம வயதில் நியூயார்க் நகரத்தில் ஒரு நாடகப் பள்ளியில் சேர்ந்தார். இந்தப் பெண்ணுக்கு நடிப்பு வராது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1933இல் ஹாலிவுட்டுக்குப் போய்க் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் அழகுப் பெண் வேடங்களில் தொடங்கினார். ஆர்.கே.ஓ. என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தில் ஒப்பந்த நடிகையாகப் பல ஆண்டுகள் இருந்தார், பிறகு எம்.ஜி.எம். என்ற இன்னொரு படநிறுவனத்துக்குப் போனார். ஏராளமான படங்களில் நடித்தும் முதல் வரிசைக்கு அவரால் வர முடியவில்லை. இரண்டாந்தரப் படங்களின் ராணி என்று பத்திரிகைகள் அவரைக் குறிப்பிட்டன. லூசி என்ற இல்லத்தரசியாக அவர் நடித்துப் புகழ்பெற்ற 'ஐ லவ் லூசி' தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் 1951 அக்டோபர் 15ஆம் தேதி முதன்முதலாக ஒளிபரப்பானபோது அவருக்கு நாற்பது வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதல் பிள்ளையைப் பெற்றெடுத்து மூன்று மாதம். உங்கள் மாணவிகள் இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டாலே போதும் என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த நாற்பது வயதுக்கு முன் அவர் என்ன கற்றுக்கொண்டிருந்தார் என்பதை நிதானமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எம்.ஜி.எம். நிறுவனத்தில் அவர் இருந்த காலத்தில், மௌனப் படக் காலத்தின் மாபெரும் நகைச்சுவைக் கலைஞரான பஸ்டர் கீட்டன் அங்கே சிரிப்புக் காட்சிகளுக்கு யோசனை சொல்பவராகச் சம்பளத்துக்கு இருந்தார். புகழ் போய், மதுவால் நொடிந்து, அவருடைய வீழ்ச்சிக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. லூசில் பாலிடம் இருக்கும் திறமையை அடையாளம் கண்டு ஊக்கப்படுத்தியவர்களில் அவர் ஒருவர். கையில் எடுக்கும் பொருளைத் துணை நடிகரைப் போல மதிக்க வேண்டும், அதன் எடை, வழுவழுப்பு, அது எப்போது கை நழுவும் என்பதெல்லாம் விரல்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது கீட்டன் வழிவந்த பாடம்.

அடுத்த பள்ளிக்கூடம் வானொலி. 1948 முதல் 1951 வரை சி.பி.எஸ். என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் வானொலியில் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்ற குடும்ப நகைச்சுவைத் தொடரில் அவர் மனைவியாக நடித்தார். தொடக்கத்தில் வானொலிதானே என்று பிரதியைப் பார்த்து வாசித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அத்தொடரின் தயாரிப்பாளரும் தலைமை எழுத்தாளருமான ஜெஸ் ஓப்பன்ஹைமர், நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சி அரங்கில் நடப்பதைப் போய்ப் பார்க்கும்படி அவரிடம் நுழைவுச் சீட்டுகளைக் கொடுத்தார். ஒலிவாங்கிக்கு முன் நிற்கும்போதும் பென்னி எதிரே உட்கார்ந்திருக்கும் மக்களுக்கு முகத்தாலும் தோளாலும் நடித்துக் காட்டுவதை லூசில் பால் அங்கே பார்த்தார். அதன்பிறகு அவர் வாசித்த வரிகளுக்குச் சிரிப்பு பலமடங்கு கூடியது. பார்வையாளர் முன்னிலையில் நடித்தால்தான் இவர் முழுமையாக மலர்வார் என்பது அவருக்கும் அவருக்காக எழுதியவர்களுக்கும் அப்போதுதான் உறுதியாயிற்று. பின்னர் கேமராக்களை எங்கே நிறுத்துவது என்ற தொழில்நுட்ப முடிவே இந்த அறிதலிலிருந்து பிறந்தது என்பதை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வானொலித் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சி.பி.எஸ். விரும்பியது. தன் உண்மையான கணவரான டெசி ஆர்னாஸ்தான் கணவனாக நடிக்க வேண்டும் என்று லூசில் பால் பிடிவாதமாக நின்றார். ஆர்னாஸ் கியூபாவில் பிறந்த இசைக்குழுத் தலைவர். ஸ்பானிய வாடை கலந்த ஆங்கிலம் பேசுபவர். அமெரிக்கப் பெண்ணுக்கு இப்படி ஒரு கணவன் என்றால் மக்கள் நம்ப மாட்டார்கள் என்று நிறுவனத்தார் தயங்கினார்கள். இருவரும் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1950ஆம் ஆண்டு மேடை நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்து ஊர் ஊராகப் போய் நடித்தார்கள். மக்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். நிறுவனத்தின் மறுப்பு அதோடு தளர்ந்து, 'ஐ லவ் லூசி' உருவாக வழி பிறந்தது. டெசிலூ என்ற பெயரில் இருவரும் தொடங்கிய சிறு நிறுவனமும் அதே காலத்தில்தான் உருவானது.

இனி நான் சார்ந்த தொழிலுக்கு வருகிறேன். அந்நாளில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின. மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு, தொலைக்காட்சித் திரையையே படச்சுருளில் பிடித்து எடுத்த மங்கலான பிரதிதான் கிடைக்கும். லூசில் பாலும் ஆர்னாஸும் கலிஃபோர்னியாவை விட்டு வர மறுத்தார்கள். செலவை ஏற்றுக்கொண்டிருந்த சிகரெட் நிறுவனமோ, அதிகமான பார்வையாளர்கள் இருக்கும் கிழக்குப் பகுதிக்கு மங்கலான பிரதியை அனுப்பச் சம்மதிக்கவில்லை. அப்படியானால் திரைப்படத்தைப் போல 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. ஆனால் திரைப்பட முறையில் ஒரே கேமராவை வைத்துத் துண்டு துண்டாக எடுத்தால் எதிரே பார்வையாளர்களை உட்கார வைக்க முடியாது. பார்வையாளர்கள் இல்லாவிட்டால் லூசில் பால் பாதி லூசில் பால்தான். ஆகவே மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓட, சுமார் முந்நூறு பேர் படிவரிசைகளில் உட்கார்ந்து பார்க்க, நாடகம் போலத் தொடர்ச்சியாக நடித்து எடுத்தார்கள். பல கேமராக்களால் படச்சுருளில் எடுக்கும் முயற்சிகள் அதற்கு முன்பும் நடந்திருக்கின்றன. ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடருக்கு அதை வாரந்தோறும் நடக்கும் ஒழுங்கான முறையாக நிலைநாட்டியது இந்தக் குழு.

ஒளிப்பதிவாளராக வந்தவர் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபொலிஸ்' படத்துக்கும் ஹாலிவுட்டில் 1931இல் வந்த 'டிராகுலா' படத்துக்கும் ஒளிப்பதிவு செய்த மேதை. நிழலுக்குப் பெயர்போன அந்த மனிதர் இங்கே நிழலே விழாத ஒளியை அமைக்க வேண்டியிருந்தது. அகலக் காட்சியும் அண்மைக் காட்சியும் ஒரே நேரத்தில் எடுக்கப்படுவதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விளக்கை மாற்றி வைக்க வழியில்லை. கேமராக்கள் தரையில் தடையில்லாமல் உருண்டு போக வேண்டும் என்பதால் விளக்குகளில் பெரும்பாலானவற்றை மேலே தொங்கவிட்டு, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் சமமாக இருக்கும் ஒளியை அவர் அமைத்தார். இன்று நம் அரங்குகளில் மேலே கம்பிச் சட்டத்தில் விளக்குகளை மாட்டிப் பல கேமராக்களுக்கும் பொதுவாக ஒளி அமைக்கிறோமே, அதே ஏற்பாடு. மூன்று கேமராக்களின் படத்தையும் ஒலியையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்ப்பதற்காகத் தொகுப்பறையில் ஒரு சிறப்பு இயந்திரம் வந்தது. மூன்று படத்தலைகளும் ஓர் ஒலித்தலையும் கொண்ட அதற்கு அங்கிருந்தவர்கள் மூன்று தலை அரக்கன் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கணினித் திரையில் நான்கு கட்டங்களைப் பார்த்துச் சொடுக்கித் தொகுக்கும் இன்றைய பிள்ளைகளுக்கு அந்த இயந்திரத்தின் படத்தை ஒருமுறை காட்டுங்கள். தாங்கள் செய்யும் வேலைக்கு ஒரு மூதாதை உண்டு என்று தெரிந்துகொள்வார்கள்.

சிரிப்பொலி பற்றியும் ஒரு செய்தி. அத்தொடரில் நீங்கள் கேட்கும் சிரிப்பு, அந்த அரங்கில் அன்று உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்பு. லூசில் பாலின் தாயார் படப்பிடிப்புக்குத் தவறாமல் வந்து உட்கார்ந்திருப்பார். மகள் ஏதோ வம்பில் மாட்டப்போகிறாள் என்று தெரிந்ததும் அவர் பதறிப்போய் எழுப்பும் குரலைப் பல பகுதிகளில் தனியாகவே கேட்கலாம். சிரிப்பு அடங்கும்வரை நடிகர்கள் பாத்திரத்திலிருந்து வெளியே வராமல் காத்திருக்கிறார்கள். காத்திருப்பதும் நடிப்புதான். வெட்டும் இடம் எது என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் அறியேன்.

இந்த இடத்தில் ஒரு காட்சியை நெருங்கிப் பார்க்க வேண்டுகிறேன். 1952 மே 5ஆம் தேதி ஒளிபரப்பான பகுதி. லூசி ஒரு சத்து டானிக்கின் தொலைக்காட்சி விளம்பரத்தில் நடிக்க வாய்ப்புப் பெறுகிறாள். விட்டமின், இறைச்சி, காய்கறி, தாதுப்பொருள் எல்லாம் அடங்கியது என்று பெருமையாகச் சொல்லப்படும் அந்த மருந்தில் 23 சதவீதம் மது கலந்திருப்பது அவளுக்குத் தெரியாது. ஒத்திகை தொடங்குகிறது. வசனத்தைச் சொல்ல வேண்டும், ஒரு கரண்டி மருந்தைக் குடிக்க வேண்டும், ருசியாக இருக்கிறது என்று முகம் மலர வேண்டும். முதல் முறை வாயில் வைத்ததும் முகம் கோணுகிறது; ஆனால் உதடு புன்னகைக்கிறது. கண், மூக்கு, கன்னம் எல்லாம் ஒன்று சொல்ல, உதடு மட்டும் வேறொன்று சொல்கிறது. இயக்குநர் மறுபடியும் என்கிறார். இரண்டாம் முறை அந்தக் கோணல் சற்றுக் குறைகிறது. மூன்றாம் முறை உண்மையிலேயே ருசியாக இருப்பது போலத் தோன்றுகிறது. பிறகு நாக்கு குழறத் தொடங்குகிறது. மருந்தின் நீளமான பெயரின் அசைகள் ஒன்றன் இடத்தில் ஒன்று போய் உட்காருகின்றன. கரண்டியில் ஊற்றும் கை நடுங்கி, கடைசியில் புட்டியோடு வாயில் வைத்துக்கொள்கிறாள்.

ஒரே வசனம் மறுபடி மறுபடி வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சிறு மாற்றம்தான். குடிபோதையை நடிப்பவர்கள் பொதுவாகத் தொடக்கத்திலேயே தள்ளாடிவிடுவார்கள். பிறகு ஏறுவதற்குப் படி இருக்காது. இவரோ ஒவ்வொரு படியாக, எந்தப் படியில் எந்த உறுப்பு தளரும் என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்: முதலில் முகம், பிறகு நாக்கு, பிறகு கை, கடைசியில் கால். இதை வகுப்பில் ஓட்டி, ஒவ்வொரு முறையும் எது மாறியது, எது மாறவில்லை என்று மாணவர்களைத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். "தானாக வருகிறது" என்ற சொல் அதன்பிறகு அந்த வகுப்பில் எழாது.

அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி வந்த சாக்லேட் தொழிற்சாலைப் பகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓடும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளைத் தாளில் சுற்ற வேண்டும். ஒன்று தவறினாலும் வேலை போய்விடும். பட்டை வேகமெடுக்கிறது, லூசியும் தோழி எத்தெலும் சாக்லேட்டுகளை வாயிலும் தொப்பிக்குள்ளும் சட்டைக்குள்ளும் அடைத்துக்கொள்கிறார்கள். மேற்பார்வைப் பெண்மணி வந்து பார்த்துப் பட்டையில் ஒன்றும் மிச்சமில்லை என்று மெச்சி, இன்னும் வேகமாக ஓட்டுங்கள் என்கிறாள். பெரும்பாலும் இரு பெண்களும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கும்படியே அந்தக் காட்சி நகர்கிறது. வெட்டாமல் விடுவதன் பலனை இதைப் பார்த்துக் கற்கலாம். எத்தெலாக நடித்த விவியன் வான்ஸ் இல்லாமல் அந்தக் காட்சி இல்லை. லூசி ஒரு விபரீதத் திட்டத்தைச் சொல்லும்போது அதை நம்பி நடுங்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் உயரிய விருதான எம்மியைத் துணை நடிகைக்காக அவர் வென்றது மிகப் பொருத்தம்.

இந்த உடல் நகைச்சுவையெல்லாம் அரங்கில் தோன்றியவை அல்ல, எழுத்தில் இருந்தவை. மேடலின் பியூ என்ற பெண்ணும் பாப் கேரல் என்பவரும் வானொலிக் காலத்திலிருந்தே ஓப்பன்ஹைமருடன் சேர்ந்து லூசில் பாலுக்காக எழுதினார்கள். அவர் செய்ய வேண்டிய உடற்செயல்களைப் பிரதியில் பெரிய எழுத்துகளில் விரிவாகத் தட்டச்சு செய்வார்கள். ஒரு பெண்ணால் இதைச் செய்ய முடியுமா, உடைக்கும் உடம்புக்கும் ஆபத்து வருமா என்று மேடலின் பியூ பல சாகசங்களைத் தானே செய்து பார்த்த பிறகே பிரதி லூசில் பாலிடம் போகும். எழுத்தாளர்கள் எழுதியதை அவர் மதித்தார், அப்படியே செய்தார், அதற்கு மேல் ஒத்திகையில் மெருகேற்றினார். நகைச்சுவை எழுத்தில் பெண்கள் அரிதாக இருந்த அந்நாளில் மேடலின் பியூவின் பெயர் ஒவ்வொரு வாரமும் திரையில் வந்தது. உங்கள் பாடத்தில் நடிகையின் பெயருக்குப் பக்கத்திலேயே அந்த எழுத்தாளரின் பெயரும் இடம்பெற வேண்டும்.

ஊடகப் பொருளாதாரம் கற்பிப்பவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. படச்சுருளில் எடுப்பதால் செலவு கூடியது. யார் ஏற்பது என்ற சிக்கல் வந்தபோது, லூசில் பாலும் ஆர்னாஸும் தங்கள் வாரச் சம்பளத்தில் ஆயிரம் டாலரைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்து, அதற்கு ஈடாகப் படச்சுருள்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். ஒருமுறை ஒளிபரப்பானதை மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. லூசில் பாலின் பிரசவ ஓய்வுக் காலத்தில் பழைய பகுதிகளைத் திரும்பப் போட்டபோது மக்கள் மீண்டும் பார்த்தார்கள். தொடரின் உரிமையைப் பின்னர் சி.பி.எஸ். நிறுவனத்துக்கே ஐம்பது லட்சம் டாலர் அளவுக்கு விற்றார்கள். 1957இன் இறுதியில், ஒரு காலத்தில் லூசில் பால் ஒப்பந்த நடிகையாக நின்ற ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளங்களையே டெசிலூ அறுபது லட்சம் டாலருக்குச் சற்று மேலான விலைக்கு வாங்கியது. நம் நாட்டிலும் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் எழுத்தாளர்களுக்கும் நிகழ்த்துக் கலைஞர்களுக்கும் உரிமைத்தொகை பற்றிய விதிகளைத் தந்திருக்கிறது. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் நடிகைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இந்த ஆயிரம் டாலர் பேரத்தோடு அந்தச் சட்டப் பிரிவுகளையும் சேர்த்து ஒரு வகுப்பு எடுத்தால் அவர்களுக்குப் பின்னால் வரும் பெண்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

கர்ப்பத்தைப் பற்றிச் சொன்னேன். 1952இல் அவர் இரண்டாம் முறை கருவுற்றபோது, தொடரை நிறுத்துவதா, நாற்காலிக்குப் பின்னால் ஒளித்து வைத்து எடுப்பதா என்று பேச்சு வந்தது. லூசி பாத்திரமும் கருவுறட்டும் என்று குழு முடிவு செய்து, விளம்பரதாரரிடமும் ஒளிபரப்பு நிறுவனத்திடமும் போராடி அனுமதி பெற்றது. கத்தோலிக்கக் குரு, புராட்டஸ்டன்ட் போதகர், யூத மதகுரு மூவரும் பிரதிகளைப் படித்து ஆட்சேபம் இல்லை என்றார்கள். 1953 ஜனவரி 19ஆம் தேதி லூசிக்குக் குழந்தை பிறக்கும் பகுதி ஒளிபரப்பானது. அதே நாளில் லூசில் பால் அறுவை சிகிச்சை மூலம் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தார். அன்று சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள்; மறுநாள் நடந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. கர்ப்பிணிப் பெண் நடக்கும் விதத்தையும், நாற்காலியில் உட்காரப் படும் பாட்டையும், காரணம் தெரியாமல் வரும் அழுகையையும் கேலிப்பொருளாக்காமல் அதே நேரத்தில் சிரிக்கவும் வைத்த அந்தப் பகுதிகள் இன்றும் புதிதாகவே இருக்கின்றன.  

1957 மே மாதம் தொடர் நிறைவடைந்தது. ஆறு பருவங்களில் நான்கில் அமெரிக்காவிலேயே அதிகம் பார்க்கப்பட்ட தொடர் அது. 1960இல் மணமுறிவு ஏற்பட்டது. 1962இல் ஆர்னாஸின் பங்கைச் சுமார் 25 லட்சம் டாலருக்கு வாங்கி, டெசிலூவின் தலைவர் நாற்காலியில் லூசில் பால் அமர்ந்தார். அவ்வளவு பெரிய தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்திய முதல் பெண் அவர்தான். 1966 செப்டம்பரில் ஒளிபரப்புக்கு வந்த 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன்: இம்பாசிபிள்' ஆகிய இரண்டும் அவருடைய நிறுவனத்தில் உருவானவை, இரண்டும் அதிகச் செலவு வைக்கும் தொடர்கள். நகைச்சுவை நடிகை என்ற அடையாளத்துக்குள் மட்டும் அவரை அடைத்துப் பாடம் நடத்தினால் இந்தப் பகுதி விடுபட்டுப்போகும். மறுவருடம் நிறுவனத்தை விற்றார். அதன்பின்னும் 1974 வரை வாரத் தொடர்களில் நடித்துக்கொண்டே இருந்தார்.

இந்த இடத்தில் உங்கள் குழுவிலுள்ள பெண்ணியப் பேராசிரியர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்றை நானே முன்வைக்கிறேன். லூசி என்ற பாத்திரம் ஒவ்வொரு வாரமும் வீட்டை விட்டு வெளியே வந்து மேடையேற ஆசைப்படுகிறாள். ஒவ்வொரு வாரமும் தோற்று அடுக்களைக்குத் திரும்புகிறாள். கணவன் அதட்டுகிறான், சில பகுதிகளில் குழந்தையை அடிப்பது போல மனைவியை மடியில் போட்டு அடிக்கவும் செய்கிறான். இவற்றை மறைத்துப் பாடம் நடத்தக் கூடாது. அந்த அடி அன்றும் சரியில்லை, இன்றும் சரியில்லை. ஆனால் அடுத்த வாரமே லூசி அதே ஆசையோடு அதே கதவைத் திறந்துகொண்டு புறப்படுகிறாள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவள் அடங்கியதாக ஒரு பகுதியும் சொல்லவில்லை. அதோடு, தோற்றுப் போகும் அந்த இல்லத்தரசியாக நடித்தவர், அந்தத் தோல்விகளைப் படமெடுத்த நிறுவனத்தின் சரிபாதி உரிமையாளர். பாத்திரத்துக்கும் நடிகைக்கும் உள்ள இந்த இடைவெளியை மாணவர்கள் விவாதிக்கட்டும்; அவர்களுக்குள் கருத்து வேறுபடட்டும்.

அவருடைய சரிவையும் மறைக்க வேண்டாம். 1986இல் ஏ.பி.சி. நிறுவனத்தில் 'லைஃப் வித் லூசி' என்ற தொடருடன் 75 வயதில் திரும்பி வந்தார். பதின்மூன்று பகுதிகள் எடுக்கப்பட்டு எட்டு மட்டுமே ஒளிபரப்பான நிலையில் நிறுத்தப்பட்டது. வயதுதான் காரணம் என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏணியில் தொங்கும் மூதாட்டியைப் பார்க்கும்போது அவர் விழுந்துவிடுவாரோ என்ற கவலைதான் வந்தது. அந்தக் கவலையைக் கதைக்குள் கொண்டுவந்து சிரிப்பாக மாற்றும் எழுத்து அங்கே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய லூசிக்கு எழுதியது போலவே எழுதினார்கள். அந்த மூப்புக்கு உரிய நகைச்சுவையை எழுதியிருந்தால் அவர் நடித்துக் காட்டியிருப்பார். 1989 ஏப்ரல் 26ஆம் தேதி அவர் காலமானார். நடிப்புக்காக நான்கு எம்மி விருதுகள், 1984இல் தொலைக்காட்சிப் புகழரங்கின் முதல் அணியிலேயே இடம், மறைவுக்குப் பின் அமெரிக்க அதிபரின் விடுதலைப் பதக்கம் ஆகியவை அவருக்குக் கிடைத்தன.

அவர்தான் எல்லாவற்றுக்கும் முதல்வர் என்று பாடத்தில் எழுதிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கெர்ட்ரூட் பெர்க் 1929இலேயே 'தி கோல்ட்பெர்க்ஸ்' என்ற குடும்பத் தொடரை வானொலியில் தாமே எழுதி நடித்து, 1949இல் அதைத் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்தவர். லூசில் பாலுக்கு முன்பே சிறந்த நடிகைக்கான எம்மி பெற்றவர். அவரைப் பற்றி ஒரு வகுப்பாவது ஒதுக்குங்கள். அவருடைய நேரலைப் பகுதிகளில் பல மங்கலான பிரதிகளாகவே எஞ்சியிருக்க, லூசில் பாலின் பகுதிகள் தெளிவான படச்சுருளில் உலகமெங்கும் ஓடுகின்றன. ஒருவர் மறக்கப்பட்டதற்கும் மற்றவர் நினைக்கப்படுவதற்கும் திறமையோடு படச்சுருளும் ஒரு காரணம். நம் தொலைக்காட்சி நிலையங்களில் நாடாக்களை அழித்து அழித்துப் பயன்படுத்திய காலத்தை அறிந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

செய்முறைக்கு என் வேண்டுகோள் இது. ஒரு பருவத்தில் இரண்டு வாரங்களை இதற்கென ஒதுக்குங்கள். மாணவர்கள் பத்து நிமிடக் காட்சி ஒன்றை எழுதட்டும். அதில் ஒரு பொருளாவது துணை நடிகரைப் போல இருக்கட்டும். உடற்செயல்களை எழுதியவரே முதலில் செய்து பார்க்கட்டும். நான்கு நாள் ஒத்திகை நடக்கட்டும். ஐந்தாம் நாள் மற்ற துறை மாணவர்களை அழைத்து எதிரே உட்கார வைத்து, மூன்று கேமராக்களை ஓடவிட்டு, நிறுத்தாமல் ஒரே வீச்சில் எடுக்கட்டும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மூன்று கைப்பேசிகளும், உயரத்தில் கட்டிய நான்கு விளக்குகளும், சிரிப்பைத் தனியாகப் பிடிக்க ஓர் ஒலிவாங்கியும் போதும். பின்னர் தொகுக்கும்போது சேமிப்பில் இருக்கும் சிரிப்பொலியைச் சேர்க்கக் கூடாது என்று விதி வையுங்கள். எங்கே சிரிப்பு வரவில்லையோ அங்கே ஏன் வரவில்லை என்று எழுதி ஒப்படைக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அதற்குக் கொடுங்கள்.

நடிக்கும் பொறுப்பை மாணவிகளுக்குத் தரும்போது, கதாநாயகியின் தோழி, அத்தை, வேலைக்காரி என்ற பழைய வரிசையில் நிறுத்தாமல், காட்சியின் நடுவில் அவர்களை நிறுத்துங்கள். சிரிக்க வைக்கும் திறமை உள்ள பெண்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். வகுப்பில் வாய் திறந்தால் அடக்கமில்லாதவள் என்று பெயர் வாங்கி, மூன்றாம் ஆண்டுக்குள் ஓசையில்லாமல் கேமராவுக்குப் பின்னால் போய்விடுகிறார்கள்.

அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தின்போது இக்கோரிக்கையைப் பொருளடக்கத்தில் சேர்த்து விவாதிக்கும்படி வேண்டுகிறேன். முதற்கட்டமாக ஓரிரு தன்னாட்சிக் கல்லூரிகள் இதை விருப்பப் பாடமாகத் தொடங்கினாலும் போதும். தொகுப்பு வகுப்புகளை ஊதியமின்றி எடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்; என்னைப் போன்று தொழிலில் இருக்கும் ஒலிப்பதிவாளர்களையும் ஒளியமைப்பாளர்களையும் அழைத்து வரவும் முடியும்.

இப்படிக்கு,
தங்கள் மாணவர்களோடு தொகுப்பறையில் பணியாற்றும்
ஒரு தொலைக்காட்சிப் படத்தொகுப்பாளர்